முதுகு காட்டி நின்ற இரண்டு அறைகள்

1

கனடாவில், மில்லிக்கனில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு பிளாசா இருக்கிறது. கொத்துரொட்டிக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே ஒடுக்கமாக ஒரு தையற்கடை. அதை நடத்துபவள் ஜோர்ஜெட். என்னைவிட ஒன்றிரண்டு வயது குறைவு, ஐம்பத்தைந்து இருக்கும். காற்சட்டை கட்டையாக்குவாள், சிப் மாற்றுவாள், எங்கள் பெண்களின் சாரிக்கு ஃபோல்ஸ் அடிப்பாள். ஆறு வருடமாகப் போய் வந்தும் அவள் எந்த ஊர் என்று நான் கேட்டதில்லை. இந்த நகரத்தில் அது ஒரு மரியாதை. கேட்டால் எங்களையும் கேட்பார்கள்.

போன வருடம் பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, கணவரின் குளிர் ஜக்கெற்றுக்குச் சிப் மாற்றக் கொண்டுபோனேன். அவர் லொறி ஓடுகிறவர், வாரத்தில் நான்கு நாள் வீதியில்தான் சீவியம். ஜோர்ஜெட் என்னைக் கவனிக்கவில்லை. கைத்தொலைபேசியில் ஒரு படத்தை இரண்டு விரலால் பெருப்பிப்பதும் சுருக்குவதுமாக இருந்தாள். கற்குவியல். அதற்கு மேலே பாதிச் சுவர். சுவரில் ஒரு ஜன்னல்.

"கீழ்த்தளம் கல். மேல்தளம் மரச்சட்டம். மரம்தான் விழுந்திருக்கிறது, கல் நிற்கிறது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"அதுதான் என் வேலை."

நான் படவரைஞர். யாழ்ப்பாணத்தில் படித்தேன். இங்கே பழைய வீடுகளைத் திருத்தும் ஒரு சிறிய கட்டடக்கலை அலுவலகத்தில் இருக்கிறேன். திருத்துவதற்கு முன் வீடு எப்படி இருக்கிறதோ அப்படியே அளந்து படமாக்குவது என் பொறுப்பு. ஊரில் நாங்கள் படம் கீறுவது என்றுதானே சொல்வோம். இங்கு வந்த புதிதில் முதல் நேர்முகத்தில், நான் பிளான் நன்றாக 'ஸ்கிராச்' பண்ணுவேன் என்று சொல்லி, எதிரே இருந்த மூன்று பேரையும் திகைக்க வைத்தவள் நான்.

ஜோர்ஜெட் படத்தை என் பக்கம் திருப்பினாள். "இது எங்கள் வீடு. அன்ராக்கியா. யாருக்கும் தெரியாத ஊர். துருக்கியின் தெற்கு மூலை. பழைய பெயர் அந்தியோக்" என்றாள்.

"அந்தியோக்கியாவா?" என்று கத்திவிட்டேன். மன்னாரில் எங்கள் கோயிலில் சிறு வயதில் வாசகம் வாசித்தவளுக்கு அந்தியோக்கியா தெரியாமல் இருக்குமா? சீடர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்று முதலில் பெயர் விழுந்த ஊர். அது வேதாகமத்துக்குள் மட்டும் இருக்கிற ஊர் என்று நினைத்திருந்தேன். அங்கே ஆட்கள் பிறந்து வளர்ந்து, மில்லிக்கனில் சிப் மாற்றுவார்கள் என்று நினைக்கவில்லை.

அந்த ஊரைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்துக்கு அந்த வாரம் இரண்டு வருடம் முடிந்திருந்தது.

2

ஜோர்ஜெட்டின் அண்ணன் ஜோசெப் மனைவியோடு மெர்சின் என்ற ஊரில் வாடகைக்கு இருந்தார். பழைய நகரத்தின் வீடுகள் பலவற்றை அரசாங்கம் முன்னரே பாதுகாக்கப்பட்டவை என்று பதிந்து வைத்திருந்தது. அப்படிப் பதிந்த வீட்டை நினைத்தபடி இடித்துக் கட்ட முடியாது. முன்பு எப்படி இருந்தது என்று காட்டவேண்டும். அங்கீகாரம் பெற்ற கட்டடக் கலைஞர் படம் கீறவேண்டும், அரசாங்கத்தின் சபை ஒன்று அதைப் பார்க்கவேண்டும், திருப்பி அனுப்பினால் மறுபடி கீறவேண்டும். அங்கே அந்தக் கலைஞர்களின் வாசலில் பெரிய வரிசை. எதை வைத்துக் கீறுவது என்றுதான் அவர்கள் முதலில் கேட்டார்களாம். ஜோசெப்பிடம் இருந்தவை ஒரு பழைய காணி உறுதியும் ஒரு பிஸ்கற் பெட்டி நிறையப் புகைப்படங்களும்தான். உறுதியில் நான்கு எல்லை எழுதியிருந்தது. அறைக் கணக்கு இல்லை.

"நான் கீறித் தருகிறேன். அவர்கள் அதை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் சரியாகத் தெரியாது. வீட்டில் வேலை இல்லாமல் இருந்ததுதான் காரணம் என்று மகள் ஷெறின் சொல்கிறாள். அவள் நகரத்தின் நடுவில் சிநேகிதியோடு தனியாக இருக்கிறாள். இரண்டு ஞாயிறுக்கு ஒரு ஞாயிறு வருவாள், வந்தால் தொலைபேசியோடு இருப்பாள். அவள் போன பிறகு ஒரு அறையிலிருந்து மற்ற அறைக்கு நடந்துகொண்டிருப்பேன். அலுமாரியைத் திறந்து எதற்குத் திறந்தேன் என்று நின்றுவிட்டு மூடுவேன்.

சனிக்கிழமை காலை கடை திறப்பதற்கு முன் இரண்டு மணித்தியாலம் ஜோர்ஜெட்டும் நானும் வெட்டு மேசையில் இருந்தோம். அவள் சொல்லச் சொல்ல நான் பென்சிலால் கீறினேன். பிறகு வீட்டில் கணினியில் ஏற்றினேன்.

அந்தப் பழைய நகரத்து வீடுகள் வீதிக்கு எதையும் காட்டுவதில்லை. ஒடுங்கிய கல் ஒழுங்கை, நடுவில் தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால், இரண்டு பக்கமும் வெறும் சுவர். சுவரில் ஒரு கதவு. கதவைத் திறந்தால்தான் வீடு. நடுவில் கல் பதித்த முற்றம், அதில் ஒரு நாரத்தை மரம், சுற்றிவர அறைகள். முற்றத்தைப் பார்க்கும் சுவரில்தான் எல்லா அழகும் இருக்கும். செதுக்கிய கல் வளைவு, உயரமான ஜன்னல், ஜன்னலுக்கு மேலே பூ மாதிரியோ நட்சத்திரம் மாதிரியோ வெட்டிய ஒரு சிறிய துவாரம். வெளிச்சமும் காற்றும் வருவதற்கு. அதற்குப் பெயர் பறவை ஜன்னல்.

"பறவை வருமா?" என்று கேட்டேன்.

"வரும். கூடு கட்டும். அம்மா திட்டிக்கொண்டே கீழே கடதாசி விரிப்பாள்."

பள்ளிவாசல், அவர்களுடைய ஓர்தடொக்ஸ் தேவாலயம், யூதர்களின் ஜெப ஆலயம் எல்லாம் ஐந்து நிமிட நடைக்குள் இருந்தனவாம். எல்லாம் ஒரே மஞ்சள் கல். வெளியிலிருந்து பார்த்தால் எது வீடு எது கோயில் என்று அந்நியனுக்குத் தெரியாது என்றாள். ஜோர்ஜெட் வீட்டுக்குள் அரபு பேசினாள், பள்ளிக்கூடத்தில் துருக்கி, பெற்றோர் பக்கத்து வீட்டு யூதக் குடும்பத்தோடு பேசியதும் அரபுதான். நிலநடுக்கத்தில் தேவாலயம் விழுந்தது, பள்ளிவாசல் விழுந்தது, ஜெப ஆலயம் சிதைந்தது.

அவள் ஆங்கிலத்தில் ஒரு வேடிக்கை. துருக்கி மொழியில் அவன், அவள் என்ற பேதம் கிடையாதாம். அதனால் அண்ணனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'அவள்' என்றுதான் வரும். "என் அண்ணன் பிடிவாதக்காரி. அவள் சொன்னால் சொன்னதுதான்" என்பாள். நான் முதலில் சிரித்தேன், பிறகு பழகிவிட்டது.

அதே மாதங்களில் அலுவலகத்துக்காக நான் பார்க்டேலில் ஒரு செங்கல் வீட்டை அளந்துகொண்டிருந்தேன். நூறு வருடத்துக்கு மேற்பட்டது, பாரம்பரியப் பட்டியலில் உள்ளது. ஒரு ஜன்னல் சட்டத்தை மாற்ற மாநகர சபையோடு நான்கு மாதம் கடிதம் எழுதினோம். அந்த வீதியில் இதேபோன்ற ஒரு வீட்டின் மேல்மாடியில்தான் நான் வந்திறங்கிய புதிதில் ஏழு பேரோடு இருந்தேன். அப்போது யாரும் அதைப் பாரம்பரியம் என்று சொல்லவில்லை. எலி வீடு என்றார்கள்.

3

மே மாதம் அளவில் வீட்டின் கீழ்த்தளம் ஏறக்குறையத் தயார். முற்றத்தைச் சுற்றி ஆறு அறைகள். நான்கு அறைகள் இலகுவாக வந்தன. கிழக்குப் பக்கத்து இரண்டு அறைகள் மட்டும் ஒத்துவரவில்லை.

புகைப்படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு ஞானஸ்நானப் படம், ஒரு கல்யாணப் படம், மழை விட்ட ஒரு நாளில் எடுத்த முற்றத்தின் படம். மூன்றிலும் கிழக்குச் சுவர் மொட்டையாக இருந்தது. செதுக்கல் இல்லை, பறவை ஜன்னல் இல்லை. ஒரு கதவு மட்டும், அதுவும் வளைவு இல்லாமல், கல்லை உடைத்துப் புகுத்தியது போல. ஆனால் அந்த அறைக்குள் எடுத்த ஒரு படத்தில், சின்ன ஜோர்ஜெட் கட்டிலில் பொம்மையோடு இருக்க, பின்னால் மரப்பலகை அடித்து மூடிய உயரமான ஜன்னல். அதற்கு மேலே நட்சத்திர வடிவில் பறவை ஜன்னல். முற்றத்துக்கு எதிர்ப் பக்கச் சுவரில்.

அடுத்த சனிக்கிழமை கேட்டேன். "ஜோர்ஜெட், இந்த இரண்டு அறையும் ஏன் உங்கள் முற்றத்துக்கு முதுகு காட்டுகின்றன?"

"என்ன?"

"எல்லா அறையும் முற்றத்தைப் பார்க்கிறது. இவை இரண்டும் அந்தப் பக்கம் பார்க்கின்றன. அந்தப் பக்கம் என்ன இருந்தது?"

"அந்தப் பக்கம் ராஷெல் வீடு. யூதக் குடும்பம். எனக்கு மூன்று வயதாக இருக்கும்போதே இஸ்தான்புல் போய்விட்டார்கள்." சற்று யோசித்தாள். "அந்த ஜன்னலை நாங்கள் திறந்ததே இல்லை. காற்று வரும் என்று அம்மா சொல்லுவாள்."

எங்கள் தமிழில் ராகேல். அவளைப் பற்றி ஜோர்ஜெட்டுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் கேட்டது ஒரு தொழில்முறைக் கேள்வி. வேறு எதுவும் என் மனதில் இல்லை. அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு, உடனே அண்ணனை வீடியோவில் கூப்பிட்டாள்.

ஜோசெப் நரைத்த மீசையோடு, பின்னால் உலர்த்திய துணிகளோடு திரையில் வந்தார். எனக்குக் கை காட்டினார். இருவரும் துருக்கியில் பேசினார்கள். ஜோர்ஜெட் என் படத்தைத் தூக்கிக் காட்டி, கிழக்குப் பக்கம் விரலை வைத்தாள். அவர் திரைக்குக் கிட்ட வந்து பார்த்தார். பிறகு அவர் அரபுக்கு மாறினார். எனக்கு இரண்டு மொழியும் தெரியாது. ஆனால் வெளியார் மொழியிலிருந்து வீட்டு மொழிக்கு ஒருவர் இறங்கும்போது குரல் எப்படித் தாழும் என்று எங்கள் வீடுகளிலும் கேட்டிருக்கிறேன்.

அழைப்பு முடிந்ததும் அவள் கொஞ்ச நேரம் தையல் மெஷினின் சில்லைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அவை ராஷெல் வீட்டு அறைகள்" என்றாள்.

ராஷெல் குடும்பம் போகும்போது வீட்டைப் பூட்டித் திறப்பை ஜோர்ஜெட்டின் தகப்பனிடம் கொடுத்துவிட்டுப் போனது. மழை ஒழுகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். முதல் வருடம் அவர் ஒலிவ் எண்ணெய்த் தகரங்களை அங்கே வைத்தார். இரண்டாம் வருடம் பின்சுவரை உடைத்து ஒரு கதவு வைத்தார். அதன் பிறகு அந்தப் பக்கத்துக் கதவுகளைக் கல்லால் அடைத்து, ஜன்னலுக்குப் பலகை அடித்தார். பிள்ளைகளுக்கு அங்கே கட்டில் போட்டார். ஜோசெப்புக்கு அப்போது பத்து வயது. கல் சுமந்து கொடுத்தவரே அவர்தான்.

"அது நான் வளர்ந்த அறை, றெஜினா. வீடு என்றால் எனக்கு அந்த அறைதான்."

4

அடுத்த சனிக்கிழமை போனபோது அவள் தேநீர் ஊற்றி வைத்திருந்தாள். கதிரையை எனக்காக இழுத்துப் போட்டாள். ஏதோ கேட்கப்போகிறாள் என்று அப்போதே விளங்கியது.

"ஜன்னல்களைத் திருப்பிவிடு" என்றாள். "முற்றத்தைப் பார்க்கட்டும். மற்ற நான்கையும் போல. அண்ணன் கேட்கிறாள். அந்தச் சுவர் முழுதாக விழுந்துவிட்டது. பார்த்தவர் யாரும் இல்லை."

"ராஷெல் குடும்பம்?"

"ஐம்பது வருடமாகிறது."

அன்று பின்னேரமே வீட்டில் இருந்து செய்துவிட்டேன். கணினியில் அதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. தெரிவு செய்து, கோடு காட்டினால், இடம் வலமாகும். வளைவும் உயர்ந்த ஜன்னலும் நட்சத்திரத் துவாரமும் சுவரைத் தாண்டி வந்து முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. பார்க்க மிக நன்றாக இருந்தது. ஆறு அறையும் ஒழுங்காக, உண்மையான படத்தைவிட உண்மையாக.

அச்செடுத்துச் சுருட்டி ஜோர்ஜெட்டிடம் கொடுத்தேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். காருக்கு வந்து ஸ்ரார்ட் பண்ணாமல் இருந்தேன். வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. ஸ்ரீல்ஸ் வீதியில் கிழக்கே ஓடி, எங்கோ திரும்பி, தேவையில்லாமல் ஒரு கடையில் நின்று வெங்காயம் வாங்கி, வீட்டில் ஏற்கெனவே ஒரு மூட்டை இருப்பது ஞாபகம் வந்து, அதைக் காரிலேயே விட்டேன். நாலைந்து நாள் இப்படித்தான் போயிற்று.

இனி நான் சொல்லப்போவதை ஊரில் இருந்து வாசிப்பவர்களில் சிலர் விரும்பமாட்டீர்கள். என் அண்ணன் அன்ரன் கட்டாயம் விரும்பமாட்டார்.

மன்னாரில் எங்கள் வேலிக்கு அடுத்த வளவு ஹமீதா வீடு. ஹமீதா என்னோடு ஒரே வகுப்பு. அவளுடைய வாப்பா துணிக்கடை வைத்திருந்தார். தீவில் கிணறு வெட்டினால் பெரும்பாலும் உவர்தான் வரும். அவர்கள் கிணறு நல்ல தண்ணீர். எங்கள் தெருவே அங்கேதான் அள்ளும், அவர்கள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் முஸ்லிம் சனங்களை வெளியேறச் சொல்லி, எங்களுக்காகப் போராடிய இயக்கம் உத்தரவு போட்டது. ஒரு சில நாள் அவகாசம். ஹமீதா குடும்பம் வள்ளத்தில் கற்பிட்டிப் பக்கம் போனது. அம்மா அழுதா. நான் ஒரு போத்தலில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தேன், அவர்கள் கிணற்றிலேயே அள்ளி. யாரும் வாய் திறக்கவில்லை. பயம் என்று சொல்லலாம். பயம்தான். ஆனால் பயம் மட்டும்தானா என்று இப்போது எனக்குச் சந்தேகம்.

பிறகு நாங்களும் சிதறினோம், நான் இங்கு வந்தேன். சண்டைக்கு நடுவே வந்த சமாதான காலத்தில் அண்ணன் திரும்பிப் போய், வீட்டைத் திருத்தி மதில் கட்ட வெளிக்கிட்டார். பிளான் ஒன்று கீறி அனுப்பச் சொல்லித் தொலைபேசியில் கேட்டார்.

"கிணத்தை உள்ளுக்கு எடுத்துக் கீறு. அவை இனி வரமாட்டினம்" என்றார்.

"அண்ணா, அது அவையின்ரை வளவெல்லே?"

"அங்கை குளிருக்குள்ளை இருந்து கொண்டு எனக்கு நியாயம் சொல்லாதை. உவர்த் தண்ணியைக் குடிக்கிறது நானும் என்ரை பிள்ளையளும்."

நான் கீறினேன். வேலி எங்கே ஓடியது என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். ஆனாலும் மதில் கோடு ஒன்றைக் கிணற்றுக்கு அப்பால் கொண்டுபோய், திருப்பிக் கொண்டுவந்தேன். கீழே என் பெயரையும் எழுதினேன்.

5

அந்த ஞாயிறு ஷெறின் வந்தாள். நான் மேசையில் அந்தப் பழைய பிளானை விரித்து வைத்திருந்தேன். அதன் பிரதி ஒன்றை இத்தனை வருடமும் வைத்திருந்தேன் என்பதே அன்றுதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"இது வட் ஹவுஸ், அம்மா?"

"மன்னார் வீடு."

அவள் குனிந்து பார்த்தாள். "மதில் ஏன் இந்த இடத்திலை மட்டும் பெண்ட் ஆகுது?"

சொன்னேன். அவள் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். முடிந்ததும் கேட்டது இதுதான்: "அம்மா, நாங்கள் மட்டும்தானே துரத்தப்பட்டது? ஐ மீன், சின்னனிலை இருந்து நீங்கள் அப்பிடித்தானே சொன்னனீங்கள்?"

"நான் சொன்னது பொய்யில்லை."

"ஓம். ஆனா மிச்சத்தைச் சொல்லேல்லை."

இருபத்தைந்து வயதுப் பிள்ளை. தமிழில் ஒரு வசனம் முழுதாகப் பேச முடியாது என்று நான் கவலைப்படும் பிள்ளை. அந்த வசனம் முழுத் தமிழில் இருந்தது.

திங்கட்கிழமை வேலை முடிந்து நேரே ஜோர்ஜெட்டின் கடைக்குப் போனேன். பையில் இன்னொரு சுருள் இருந்தது. ஜன்னல்கள் அந்தப் பக்கம் பார்க்கும் படம், முதலில் கீறியபடி. அவளிடம் கிணற்றைப் பற்றி எல்லாம் சொன்னேன். பிறகு, "மற்றப் படத்தை அனுப்பாதே. அது நான் கீறியிருக்கக்கூடாத படம்" என்றேன்.

அவள் முகம் சிவந்தது. நான் எதிர்பார்த்தது வேறு. எதை எதிர்பார்த்தேன் என்றுகூட இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவளும் அழுவாள், இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு இருப்போம் என்று ஏதோ.

"உன்னுடைய கிணற்றுக்காக என் ஜன்னலைத் திருப்ப வந்தாயா?" என்றாள். "என் வீடு விழுந்து கிடக்கிறது. என் மைத்துனி இரண்டு நாள் கல்லுக்குக் கீழே கிடந்தாள். உன் அண்ணன் வீடு நிற்கிறது, தண்ணீரும் இருக்கிறது. உன் கிணற்றுக்கு நீ போ. என் வீட்டை வைத்து மன்னிப்பு வாங்காதே."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழை இல்லை. சுருளை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆறு வாரம் அந்தப் பிளாசாப் பக்கம் போகவில்லை. கொத்துரொட்டி வாங்கக்கூட வேறு இடம் போனேன். பார்க்டேல் வீட்டுக்காரர் ஜன்னல் சட்டத்தின் நிறத்துக்காக மூன்றாவது தடவை மனம் மாறினார். கணவர் வந்தார், போனார். ஏன் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று கேட்டார், அடுத்த முறை ஏன் இவ்வளவு உப்பு என்று கேட்டார்.

ஜூலை முடிவில் ஜோர்ஜெட்டே தொலைபேசி எடுத்தாள். "ஜக்கெற் எப்போதோ தயார். வந்து எடு" என்றாள். படம் கீறும் அவசரத்தில் இருவருமே அதை மறந்திருந்தோம்.

போனேன். அவள் மெலிந்திருந்தாள். ஜக்கெற்றை மடித்துப் பையில் போட்டபடியே சொன்னாள், இரண்டு படத்தையும் அண்ணனுக்கு அனுப்பினாளாம். எதைக் கொடுப்பது என்று நீயே முடிவு செய், நீதான் கல் சுமந்தாய் என்று எழுதினாளாம். ஜோசெப் மூன்று வாரம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் எடுத்து, ராஷெலின் மகனோடு பேசிவிட்டேன் என்றாராம்.

"அவனுடைய நம்பர் எங்கே கிடைத்தது?" என்று கேட்டேன்.

"என்னிடமும் அதே கேள்விதான் இருந்தது. அண்ணனிடம் எப்போதும் இருந்ததாம்." ஜோர்ஜெட் பையை என்னிடம் தள்ளினாள். "முப்பது வருடமாக ஒவ்வொரு பெருநாளுக்கும் அண்ணன் அவனுக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கிறாள். அவனும் சொல்லியிருக்கிறான். வீட்டைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை. நிலநடுக்கம் நடந்த அன்று முதலில் தொலைபேசி எடுத்தவன் அவன்தான்."

இப்போது விண்ணப்பம் இரண்டு வீடுகளாகப் போயிருக்கிறது. ஜோர்ஜெட் வீட்டுக்கு நான்கு அறை, ராஷெல் வீட்டுக்கு அந்த இரண்டும் மிச்சமும். இரண்டையும் அந்த நாட்டுக் கட்டடக் கலைஞர் ஒருவர் என் படத்தை வைத்துத் திரும்பக் கீறுகிறார். அவர் என் அளவுகளில் இரண்டு பிழை கண்டுபிடித்தார். சபை இன்னும் பதில் தரவில்லை. வீடு எழும்புமா என்று யாருக்கும் தெரியாது.

"நான் வளர்ந்த அறை இப்போது படத்தில்கூட என்னுடையது இல்லை" என்றாள் ஜோர்ஜெட். பிறகு, "உனக்கு நன்றி சொல்லமாட்டேன்" என்றாள். நானும் எதிர்பார்க்கவில்லை. சிப்புக்கு அவள் காசு வாங்கவில்லை, நான் வற்புறுத்தவுமில்லை.

6

ஹமீதாவைத் தேடிக்கொண்டு நான் எங்கும் போகத் தேவையிருக்கவில்லை. அதுதான் கேவலம். எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவிகளின் வட்சப் குழுவில் அவள் மூன்று வருடமாக இருக்கிறாள். புத்தளத்தில் இருந்து பேரப்பிள்ளைகளின் படம் போடுவாள். நானும் மற்றவர்களோடு சேர்ந்து ஒரு இருதயப் படம் போடுவேன். தனியாக ஒரு சொல் எழுதினதில்லை. ஜோசெப்பை நான் என்ன குறை சொல்ல இருக்கிறது?

இந்த வருடம் தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ஜோர்ஜெட் கடைக்குப் போகாமல், ஹமீதாவுக்கு அழைப்பு எடுத்தேன். அங்கே பின்னேரம்.

"ஆர்? றெஜினாவா? கனடா றெஜினாவா?" குரல் மாறவே இல்லை. "அல்லாஹ்வே, இப்பதான் வழி தெரிஞ்சதா?"

பத்து நிமிடம் சுகம் விசாரித்தோம். அவளுடைய முழங்கால், என்னுடைய பிறஷர், யார் யார் செத்தார்கள். கடைசியில், "ஹமீதா, உங்கட கிணறு..." என்று தொடங்கி நிறுத்தினேன்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"சண்டை முடிஞ்ச பிறகு வாப்பாவக் கூட்டிக்கொண்டு வந்த நான். எங்கட வீட்டுக்குக் கூரையில்ல, சுவர் மட்டும். கிணத்தக் காணல்ல. பிறகு பாத்தா, மதிலுக்கு அங்கால கப்பி தெரியுது. அன்ரன் அண்ணன் கண்டுட்டு வந்து உள்ள கூப்பிட்டார். தேத்தண்ணி தந்தார்."

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"வாப்பா வாய்க்குள்ள வச்ச உடனே விளங்கிட்டுது. அந்தத் தண்ணிய அவருக்குத் தெரியாதா? என்னைப் பாத்தார். பிறகு முழுக்கக் குடிச்சு முடிச்சிட்டு, நல்லா இருக்கு மகன் எண்டு சொல்லிப்போட்டு எழும்பிட்டார். பிறகு மவுத்தாகுமட்டும் மன்னாருக்குப் போவம் எண்டு கேக்கவும் இல்ல."

"அந்த மதிலின்ரை பிளானை நான்தான் கீறினனான், ஹமீதா."

அந்தப் பக்கம் ஒரு பிள்ளை அழுதது. அவள் அதட்டி அனுப்பிவிட்டு வந்தாள். "நீயா?"

"ஓம். நான்தான். புதுசா ஒண்டு கீறி வச்சிருக்கிறன். வேலி இருந்த இடத்திலை கோடு போட்டு. உனக்கு அனுப்பட்டே?"

"கடதாசிய வச்சு நான் என்ன செய்ய?" அவள் குரல் உயரவில்லை. "உனக்கு வேலி இருந்த இடம் தெரியும். எனக்கும் தெரியும். அன்ரன் அண்ணனுக்கும் தெரியும். நீ வா. வந்து அவருக்கு முன்னால நிண்டு சொல்லு. நான் புத்தளத்தில இருந்து வாறன். ரெண்டு பேரும் நிண்டு சொல்லுவம். அவர் உடைக்கிறாரோ இல்லையோ, அது பிறகு."

அன்றே அண்ணனுக்கு எழுதினேன். பதில் வர ஒன்பது நாள் எடுத்தது. குரல் பதிவு, அரை நிமிடம்கூட இல்லை. "நீ வாறதெண்டா சந்தோசம். அண்ணி கோழி அடிப்பா. மதில் கதை கதைக்கிறதெண்டா இஞ்சை நிக்காதை, வெளியிலை எங்கையாவது நில்."

ஓகஸ்ட் முதல் கிழமைக்கு டிக்கெற் எடுத்துவிட்டேன். ஷெறின் தானும் வரவா என்று கேட்டாள். இந்தமுறை வேண்டாம் என்றேன். முப்பத்து நான்கு வருடத்தில் முதல் முறையாக ஊருக்குப் போய், சொந்த வீட்டில் நிற்காமல், மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு விடுதியில் அறை எடுத்திருக்கிறேன். ஒரு கட்டிலா இரண்டு கட்டிலா என்று கேட்டார்கள். இரண்டு என்றேன். ஒன்று ஹமீதாவுக்கு.